தயவுசெய்து லைன்ல இருங்க

கிளிங்... கிளிங்... கிளிங். அந்தச் சத்தம் இருக்கே, எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் காதை விட்டுப் போகல. அடுப்புல சின்னப் பாத்திரம், பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி, தண்ணிக்குள்ள கண்ணாடி ஊசி. உருண்டு உருண்டு முட்டும். எங்கம்மா அதைக் கொதிக்க வச்சாத்தான் எனக்குப் பொழுது விடியும். எட்டு வயசு எனக்கு. ஊசி முனை மழுங்கிப் போனா அப்பா கல்லுல தீட்டித் தருவாரு... என்ன முழிக்கிற? இப்ப மாதிரி முடி கணக்கா மெல்லிசா இருக்கும்னு நினைச்சியா? கோணி ஊசி! அதை முதமுதல்ல என் தொடையில குத்தின டாக்டரு எங்கம்மாகிட்ட சொன்னாரு, "இருபத்தஞ்சு வயசைத் தாண்டினா உங்க அதிர்ஷ்டம்"னு. என் முன்னாலயே சொன்னாரு. எனக்கு வந்தது சர்க்கரைதானே, செவிடு இல்லையே!

இன்னைக்கு எனக்கு அறுபத்தி மூணு. அன்னைக்கு "சீக்கிரம் போயிடுவா"ன்னு சொன்ன அதே கூட்டம் இன்னைக்கு என்ன சொல்லுது? "ரொம்ப வயசாயிடுச்சேம்மா, இனிமே மாத்துக் கணையம் வைக்கிறது கஷ்டம்"ங்குது. ஏம்மா, நீயே சொல்லு. இவங்களுக்கு எப்ப வந்தாத்தான் சரியான நேரம்?

உள்ள போனது உன் அப்பாதானே? பார்த்தேன், பார்த்தேன். நடையைப் பார்த்தாலே தெரியுது, கால் மரத்துப் போச்சு. அவருக்கு என்ன வயசு?... ஐம்பத்தாறா! குழந்தை! எது வைக்கிறாங்க, கணையம் மட்டுமா, கிட்னியும் சேர்த்தா?... ரெண்டும். அப்ப கவலையே படாத. கிட்னி கெட்டவங்களுக்குத்தான் இங்க மரியாதை. ரெண்டையும் ஒரே ஆளுகிட்டருந்து எடுத்து ஒரே வயித்துல வச்சிடுவாங்க. எனக்குக் கிட்னி நல்லா இருக்காம். அது ஒரு குத்தம்! "கிட்னி நல்லா இருக்கறப்ப வெறும் கணையத்துக்காக இவ்வளவு பெரிய ஆபரேஷன் எதுக்கு"ங்கறாரு, அந்த வழுக்கைத் தலை டாக்டரு. வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, அம்பது வருஷத்துக்கு மேல நான் அந்தக் கிட்னியைக் காப்பாத்தி வச்சதுக்கு இது பரிசு.

சும்மா சொல்லக்கூடாது, படமெல்லாம் போட்டு விளக்கினாங்க. பழைய கணையத்தை எடுக்கவே மாட்டாங்களாம், தெரியுமா உனக்கு? அது பாட்டுக்கு மேல இருக்குமாம். புதுசை அடிவயித்துல, வலப்பக்கமா வச்சுத் தைப்பாங்களாம். ரிட்டையர் ஆன ஆளு நாற்காலியைக் காலி பண்ணாம உக்காந்திருப்பாரு, புதுசா வந்தவன் கீழ் வீட்டுல இருந்துக்கிட்டு வேலை பார்க்கணும். எங்க ஆபீஸே மாதிரி.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன். ஆபரேட்டர். பொத்தானை அமுக்கினா உலகமே பேசற காலமில்ல அது. ஒவ்வொருத்தருக்கும் நாங்கதான் ஒயரைச் சொருகிப் பேச வைக்கணும். "வணக்கம். தங்களுக்கு எந்த எண் வேண்டும்? தயவுசெய்து லைன்ல இருங்க." நாள் முழுக்க இதே. எதிர்ல இருக்கறவன் குடிச்சிட்டுத் திட்டினாலும் "தயவுசெய்து". என் மரியாதையையெல்லாம் அவங்க சம்பளம் குடுத்து வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மிச்சமில்ல. அதனாலதான் இந்த வாய். என் வாய்க்குப் பயந்து எங்க தெருவுல பால்காரன் சைக்கிள் மணியைக்கூட அடிக்க மாட்டான்.

அட, உன் போன் அடிக்குது பாரு. அணைச்சிடு, அணைச்சிடு! அந்த போர்டைப் பார்க்கலையா, "அமைதி காக்கவும்"? போன தடவை என்னோடது கத்திச்சுன்னு, அதோ அங்க கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்காளே வரவேற்பு மகாராணி, எந்திரிச்சு வந்து எல்லார் முன்னாலயும், "ஆன்ட்டி, இது ஆஸ்பத்திரி"ன்னா. எனக்குத் தெரியாது பாரு, நான் கல்யாண மண்டபம்னு நினைச்சு வந்துட்டேன்! போனா கத்திச்சு? இதோ, என் கையில ஒட்டியிருக்கு பாரு வட்டமா, இது சர்க்கரையைப் பார்த்துக்கிட்டே இருக்கும். இறங்கினா போன்ல கூப்பாடு போடும். நல்லதுக்குத்தான் கத்துது. ஆனா மகாராணிக்குப் பிடிக்கல. சரி தாயேன்னு இன்னைக்கு வாசல்லயே போன் சத்தத்தை அணைச்சுப் பையில போட்டுட்டேன். ரோஷம்னு ஒண்ணு இருக்கில்ல?

அதே மகாராணிதான், "அடுத்தது நீங்கதான், ரெடியா இருங்க"ன்னா. நானும் நம்பி, அங்க பாத்ரூம்ல போய் மத்தியான ஊசியைப் போட்டுக்கிட்டு வந்து, டப்பாவைத் திறக்கலாம்னு மூடியில கையை வக்கிறேன், "இங்க சாப்பிடக்கூடாது, கேன்டீனுக்குப் போங்க"ங்கறா. கேன்டீன் ரெண்டு மாடி கீழ. நான் கீழ போன நேரம் பார்த்து என் பேரைக் கூப்பிட்டு, "ஆள் இல்லை"ன்னு எழுதிட்டா? இதுக்காக எத்தனை நாள் நடந்திருக்கேன். உக்காந்துட்டேன். அப்புறம் பார்த்தா உன் அப்பாவைக் கூப்பிட்டாங்க. பரவால்ல, பரவால்ல, உன்னைச் சொல்லி என்ன. டப்பா எங்கயும் ஓடாது.

எங்க விட்டேன்?... ஆங், வயசு. முன்னெல்லாம் ஐம்பது தாண்டினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்களாம். அப்புறம் ஐம்பத்தஞ்சுன்னாங்க. இப்ப, "வயசை மட்டும் வச்சு முடிவு பண்றதில்லம்மா, ஆளைப் பார்த்துத்தான்"ங்கறாங்க. ஆனா உள்ள போனதும் முதல் கேள்வி என்ன? "உங்க வயசு?" கோட்டை அவங்க தள்ளித் தள்ளிப் போடறாங்க, நானும் விரட்டிக்கிட்டே போறேன், நான் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கும் ஒரு வயசு ஏறிடுது.

பயமுறுத்தலும் குறைச்சலா இல்ல. ரத்தம் உறைஞ்சு புதுக் கணையம் ஒரே வாரத்துல கெட்டுப் போகலாமாம், வயசானவங்களுக்கு இதயம் தாங்கணுமாம், ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணுமாம், அந்த மாத்திரையால சளி பிடிச்சாலும் படுக்கையில தள்ளிடுமாம். நான் கேட்டேன், "தினம் நாலு ஊசி போட்டுக்கறவளுக்கு நீங்க மாத்திரையைக் காட்டிப் பயமுறுத்தறீங்களா?"ன்னு. சின்ன டாக்டரு சிரிச்சிட்டாரு. வழுக்கை சிரிக்கல. அந்த ஓடற மிஷின்ல ஏத்தி விட்டாங்க, நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டி. ஓடினேன்! "இதயம் நல்லா இருக்கு"ன்னு சொல்றாரு, என்னமோ அவரு கையிலருந்து காசு போன மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு.

அப்புறம் ஒருத்தி, மனசைப் பார்க்கற டாக்டராம். தலையைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு, "நீங்க எதுக்காக இதைச் செஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?"ன்னா. "எனக்குத் திட்டறதுக்கு இன்னும் ஆள் பாக்கி இருக்கு"ன்னேன். எழுதிக்கிட்டா! எங்க நாத்தனாரும் அதையேதான் கேக்கறா, "இந்த வயசுல எதுக்கு அண்ணி? சின்னஞ்சிறுசுங்க காத்திருக்கும்ல, அதுங்களுக்குக் குடுக்கட்டுமே"ன்னு. இந்த வயசுல, இந்த வயசுல! அவ மட்டும் இந்த வயசுல மூட்டு மாத்திக்கிட்டாளே, ரெண்டு காலுக்கும்? அதுக்கு யாரு காத்திருந்தாங்க?... இல்ல, மூட்டு இரும்பு. கணையம் அப்படி இல்ல. அது எனக்கும் தெரியும். யாரோ பெத்து வளர்த்த பிள்ளை, வண்டியில போறப்ப அடிபட்டு... சின்ன வயசுக் கணையம்தான் ஆகுமாம். எனக்குத் தெரியும். அதை ஏன் எல்லாரும் எனக்கே சொல்றீங்க?

ஆனா நான் ஒண்ணும் ஆசைக்குக் கேக்கலை, கண்ணு. இனிப்புத் திங்கவா கேக்கறேன்? எனக்கு இனிப்பே பிடிக்காது. எனக்கு மணி அடிக்க மாட்டேங்குது. அதான் கதை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினா எப்படி இருக்கும்? கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடங்கும், "ஐயோ ஏதாவது குடு"ம்பாரு. இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷத்துல அந்த மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. நடுக்கமும் இல்ல, வேர்வையும் இல்ல. நல்லாத்தான் இருப்பேன், பேசிக்கிட்டே இருப்பேன், அப்படியே போயிடுவேன். எனக்கே தெரியாது.

ஒரே ஒரு அடையாளம்தான். அதைக் கண்டுபிடிச்சது லைன்மேன்... என் வீட்டுக்காரரைத்தான் சொல்றேன். ஒரே எக்ஸ்சேஞ்ச். நான் உள்ள ஒயர் சொருகினா அவரு வெளிய கம்பம் ஏறுவாரு. அங்க "யோவ் லைன்மேன்"னு கூப்பிட்டுப் பழகின வாய், கல்யாணத்துக்கப்புறமும் மாறல. அந்த மனுஷனைப் பத்திக் கேக்காத. ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியாது. கம்பத்துல ஏறுவாரு, வீட்டுல பல்பு மாத்தச் சொன்னா தலை சுத்தும்பாரு. காதுல பஞ்சு வச்சுக்கிட்ட மாதிரி இருப்பாரு, நான் கரடியாக் கத்தினாலும் பேப்பரைத் திருப்பிக்கிட்டே, "ம்". ஆனா நான் மரியாதையாப் பேசினா மட்டும் பேப்பர் கீழ விழுந்துடும்.

ஆமா! சர்க்கரை இறங்கினா எனக்கு மரியாதை வந்துடும். ஆபரேட்டர் குரல்! "வாங்க, உக்காருங்க, தயவுசெய்து" எல்லாம் தானா வரும். ஒரு நாள் சாயங்காலம் நான் சமையலறையில நின்னுக்கிட்டு, "உங்களுக்கு டீ போடட்டுங்களா?"ன்னு கேட்டேனாம். அவ்வளவுதான், அந்த மனுஷன் விழுந்தடிச்சு ஓடி வந்து, டம்ளர்ல சர்க்கரையைக் கொட்டி, கரண்டியால கலக்கறாரு. கிளிங் கிளிங் கிளிங்... எங்கம்மா அடுப்படிச் சத்தமேதான். எனக்கு வாழ்க்கை முழுக்க அந்த ஒரு சத்தம்தான் எழுதி வச்சிருக்கு போல. "குடி"ம்பாரு. நான், "மிக்க நன்றிங்க, எனக்கு வேண்டாங்க"ம்பேனாம். தலையைப் பிடிச்சு ஊத்துவாரு. கொஞ்ச நேரத்துல, "யோவ், சட்டையெல்லாம் நனைச்சிட்டியே"ன்னு கத்துவேன். அப்பத்தான் போய்ப் பேப்பரை எடுப்பாரு. "வாய் திரும்பிடுச்சு, இனிமே கவலையில்ல"ம்பாரு. திமிர்!

இந்தக் கதையை இந்த டாக்டருங்ககிட்ட சொன்னேன் பாரு, அங்கதான் எனக்கு நானே ஆப்பு வச்சுக்கிட்டேன். "ஆஹா, அப்ப உங்களுக்குத்தான் வீட்டுலயே ஆள் இருக்காரே! உங்க வீட்டுக்காரரு அருமையாக் கண்டுபிடிக்கிறாரு. அவரு பக்கத்துல இருக்கறப்ப இந்த வயசுல எதுக்கு வயித்தைக் கிழிச்சுக்கணும்?" போன தடவையும் இதேதான், அதுக்கு முந்தியும் இதேதான். "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க, பேசிப் பார்ப்போம்."

அவரா?... வரல.

...வரலைன்னா வரல. அவருக்கு ஒழியல. ஏன், நான் தனியா வந்தா கதவு திறக்காதா?

விடு அதை. கதவு இன்னும் மூடியேதான் இருக்கு பாரு. உன் அப்பா உள்ள என்ன, சுயசரிதை சொல்லிக்கிட்டிருக்காரா? இந்த நாற்காலியைப் பாரு, யாரு செஞ்சானோ, உக்காந்தா வழுக்குது, எந்திரிச்சா ஒட்டுது. அந்தத் தண்ணி மிஷின், டம்ளர் இருந்தா தண்ணி இருக்காது, தண்ணி இருந்தா... தண்ணி இருந்தா... என்னமோ. இருக்கு. தண்ணி இருக்கு. நல்லதுதான்.

மகாராணி எங்கயோ எந்திரிச்சுப் போறா. பாவம், அந்தப் பொண்ணும் காலையிலருந்து உக்காந்தே இருக்கு. எத்தனை பேருக்குப் பதில் சொல்லும். கழுத்து வலிக்கும். எங்களுக்கும் வலிக்கும், காதுல அந்தக் கருவியை மாட்டிக்கிட்டு... நல்ல பொண்ணு. கையெழுத்து அழகா இருக்கு.

இந்த இடமே ரொம்ப அமைதியா இருக்கு இல்லைங்களா? வெளிச்சம்கூட மஞ்சளா, இதமா... உங்க அப்பா நல்லபடியா வந்துடுவாருங்க. கவலைப்படாதீங்க. நீங்க சாப்பிட்டீங்களா? நான் உங்களை ரொம்ப நேரமாத் தொந்தரவு பண்றேன். மன்னிச்சுக்கோங்க. டாக்டருங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அந்தப் பெரிய டாக்டரு ரொம்ப...

எதுக்குங்க எந்திரிக்கிறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேங்க. தாங்கள் உக்காருங்க.

எங்கங்க ஓடறீங்க?

வணக்கம். தங்களுக்கு எந்த எண் வேண்டும்? தயவுசெய்து லைன்ல இருங்க... கம்பத்துல ஆள் இருக்காரு. இறங்கினதும் பேசச் சொல்றேங்க. லைன்ல இருங்க... லைன்ல...

...

...ச்சீ! யாரு இது, வாயெல்லாம் பிசுபிசுன்னு! என்னத்தைத் தடவினீங்க, பசையா? ஏய், கையை விடு! இந்தச் சேலைக்கு இப்பத்தான் கஞ்சி போட்டேன், பூராவும் ஜூஸை ஊத்தி வச்சிருக்கே! ஒரு டம்ளரை நேராப் பிடிக்கத் தெரியல, இதுங்களுக்கு வெள்ளை உடுப்பு ஒரு கேடு... நீ யாரு? ஆங், அப்பாக்காரரோட பொண்ணு. நீ ஏன் அழற? அழாத, மூஞ்சி சகிக்கல.

கீழ உக்கார வச்சிருக்கீங்க? என்னாச்சு?... இல்ல. எனக்கொண்ணும் தெரியல. நாற்காலி வழுக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அப்புறம் வாயில சர்க்கரைப் பசை. நடுவுல ஒண்ணுமே இல்ல.

யாரு கண்டுபிடிச்சது? நீயா? எப்படி?... நான் உன்னை "நீங்க"ன்னேனா? உன்னையா?... மகாராணியை நல்ல பொண்ணுன்னேனா! அடக் கடவுளே. அப்ப ரொம்பவே இறங்கியிருக்கும்.

நல்லாத்தான் கேட்டுக்கிட்டிருந்திருக்கே. நான் என்னமோ நீ கதவையே பார்த்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்.

இந்தா நர்ஸம்மா, அலாரம் அடிக்கலையான்னு என்னைக் கேக்காத. அடிச்சிருக்கும். பைக்குள்ள அது பாட்டுக்குச் சத்தமில்லாம அடிச்சிருக்கும். நான்தான் அணைச்சேன். ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடாம உக்காந்ததும் நான்தான். மகாராணி மேல ரோஷம். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க... இல்லம்மா, மரியாதை இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்! இன்னொரு டம்ளரை நீட்டாத!

வாங்க டாக்டர், வாங்க. கதவு இப்பத்தான் திறந்துச்சாக்கும். இதைத்தான் நான் மாசக்கணக்கா வாயால சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க வாசல்ல விழுந்து காட்டினாத்தான் நம்புவீங்களா? பார்த்தீங்களா, வேர்வை இருக்கா? நடுக்கம் இருக்கா?... இல்லைல்ல?

என்னது?... வீட்டுக்காரருக்குத் தகவலா? அதெல்லாம் எதுக்கு? நான் ஆட்டோ பிடிச்சுப் போயிக்குவேன். வேண்டாங்கறேன்ல! ஏம்மா, அந்தக் கூண்டுக்காரிகிட்ட சொல்லு, போன் போட வேண்டாம்னு. சொல்லு கண்ணு, ஓடு...

...

...அது என் பைதான். ஆமா. என் பைக்குள்ளதான் அடிக்குது, அவரு போன். அந்தக் காலத்து மணிச் சத்தம், ட்ரிங் ட்ரிங்னு, அவரே தேடிப் பிடிச்சு வச்சுக்கிட்டது. எங்க எக்ஸ்சேஞ்ச் மணி மாதிரியே இருக்காம். என்னோடதை அணைச்சேன், இதை அணைக்க மனசு வரல. தினம் சார்ஜ் போட்டு வச்சுக்கிட்டிருக்கேன். யாரும் கூப்பிடறதில்ல.

எடுக்காத கண்ணு. அடிக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.

...

டாக்டர், அப்படிப் பார்க்காதீங்க. மரியாதையாத்தான் பேசப் போறேன், சர்க்கரை இறங்கிடுச்சுன்னு பயப்படாதீங்க. முதல் நாள் இங்க வந்தப்ப ஒரு அம்மா சொன்னாங்க, ஆபரேஷனுக்கப்புறம் வீட்டுல பார்த்துக்க ஆள் இல்லைன்னா பேரையே எழுத மாட்டோம்னு. அதனால ஆள் இருக்காருன்னு சொன்னேன். ஆள் இருக்காருன்னு சொன்னதால, ஆபரேஷனே வேண்டாம்னுட்டீங்க. நான் சொன்ன பொய்யிலயே நான் தடுக்கி விழுந்து, இத்தனை நாளா உங்களைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

நான் தனியாத்தான் இருக்கேன். "டீ போடட்டுங்களா"ன்னு நான் இப்ப கேட்டா, சுவருதான் கேட்டுக்கும்.

பார்த்துக்கறதுக்கு எங்க நாத்தனார் இருக்கா. "வந்து கூட இருக்கேன் அண்ணி"ன்னு கெஞ்சினா, நான்தான் உன் மூஞ்சியை யாரு தினம் பார்க்கறதுன்னு விரட்டிட்டேன். கூப்பிட்டா வருவா. ரெண்டு காலும் புதுசு, ஓடியே வருவா. அவ நம்பரைத் தர்றேன், எழுதிக்கோங்க. அப்புறம் என் வயசைப் பாருங்க, இதயத்தைப் பாருங்க, வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. கேட்டுக்கறேன்.

முதல்ல அவரு பேரை அடிச்சிடுங்க. போன மழைக்காலத்துலயே அவரு செத்துப் போயிட்டாரு.